பின்சக்கரத்துப் பாரம்

சென்ற வாரம் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவைக் குழாய் புதைக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை வேறு. காலையில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. யாரோ முட்டுக்கொடுத்த செங்கல்லில் பின்சக்கரம் தேய்ந்து கருகும் வாசனை மாடி வரைக்கும் வந்தது. டிரைவர் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடி, இறக்க வேண்டாம், எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளி வையுங்கள் என்றேன். வண்டி ஏறிவிட்டது. “இன்னா சார், மெக்கானிக்கா நீங்க?” என்று கேட்டார். வாத்தியார் என்றேன். அதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் சொல்லலாம்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். முதல் வேலை. புளியம்பழம் உதிர்ந்தால்கூட அது எந்த வேகத்தில் தரையைத் தொடும் என்று கணக்குப் போடுகிற ஆள் நான். மழைக்காலத்தில் குடை எடுத்துப் போக மட்டும் மறந்துவிடுவேன்.

என் வகுப்பை ஒட்டித்தான் சத்துணவுக் கூடம். பருப்பு வேகும் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நியூட்டனாவது ஒன்றாவது. அங்கே சமைத்தவர் செல்லம்மா. முப்பது வயது தாண்டியவர். அரிசி மூட்டையை யாரையும் கூப்பிடாமல் தானே முதுகில் ஏற்றிக்கொள்வார். பக்கத்து ஊரில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாக இருந்தது. அதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தனியாகப் படித்து மற்ற எல்லாப் பாடத்தையும் எழுதித் தேறிவிட்டார், அறிவியல் ஒன்றுதான் பாக்கி. மதியம் பாத்திரம் கழுவிய பிறகு என்னிடம் பாடம் கேட்பார். ஒருநாள் உராய்வு நடத்தும்போது, “பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறமே, அதுவும் இதானா சார்?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு, சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். எனக்குச் சூத்திரம்தான் முக்கியம்.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒரு மரக்கட்டையை மேஜைமேல் வைத்து நூல் கட்டி இழுத்துக் காட்டினேன். கட்டைமேல் எடைக்கல் வைத்தால் மேஜையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பாரம் கூடினால் உராய்வும் கூடும் என்று பலகையில் பெரிதாக எழுதினேன். செல்லம்மா கரண்டியும் கையுமாக ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் தேர்வு. கள்ளக்குறிச்சியில் பத்து மணிக்கு உட்கார வேண்டும். துணைக்கு நானும் கிளம்பினேன். விடிந்ததும் ஊரிலிருந்து ஒரு ஜீப் வெள்ளிமலைக்குப் போகும், அங்கிருந்து பஸ். அந்த ஜீப்பில் முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் கியர் எப்போதோ செத்துப்போயிருந்தது. இழுப்பதெல்லாம் பின்சக்கரம்தான். மழையில் நனைந்த செம்மண் மேடு வந்தால் ஆண் பெண் பார்க்காமல் நாலு பேர் இறங்கிப் பின்பக்கத்துப் பம்பர்மேல் ஏறி நின்றுகொள்வார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது அந்த ஊர்ப் பழக்கம். நான் மழை பெய்தால் ஊரைவிட்டு நகராதவன், அதைப் பார்த்ததே இல்லை.

மேட்டில் சக்கரம் வழுக்கியது. வழக்கம்போல நாலு பேர் பின்னால் ஏறப் போனார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வண்டியே ஏறாமல் திணறுகிறது, இதில் பாரத்தைக் கூட்டுவதா? எல்லோரும் இறங்குங்கள், மரவள்ளி மூட்டைகளையும் இறக்குங்கள் என்றேன். டிரைவர் தலையைச் சொறிந்தார். ஆனால் வாத்தியார் சொன்னால் தட்ட மாட்டார்கள், அந்த மரியாதைதான் வினையாகப் போனது. காலி ஜீப்பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தது.

“பாரம் இல்லன்னா சக்கரம் மண்ணப் புடிக்காது சார். நீங்கதான எழுதிப் போட்டீங்க” என்றார் செல்லம்மா.

எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குப் போகிறவர் புத்தகத்தைப் பாருங்கள், வண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எரிந்து விழுந்தேன். குழி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கடைசியில் அவரே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லைப் பொறுக்கிக் குழியை நிரப்பினார். மூட்டைகளைப் பின்பக்கம் அடுக்க வைத்தார். பம்பர்மேல் முதல் ஆளாக ஏறி நின்றார். ஜீப் ஒரே மூச்சில் ஏறியது. என்னால் போன நேரம் முக்கால் மணிக்குக் குறையாது.

பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் வடக்கனந்தல் தாண்டும்போதே மணி பத்தைக் கடந்துவிட்டது. தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். அரை மணிக்கு மேல் தாமதமானால் விட முடியாது என்று பதமாகத்தான் சொன்னார். செல்லம்மா முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்த காலோடு, பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். “வுடுங்க சார். அடுத்த வாட்டி எழுதிக்கிறேன்.”

மறுநாள் தலைமையாசிரியர் கேட்டபோது, மேடு சரியில்லை, மழையில் ஜீப் ஏறவில்லை என்று சொன்னேன். செல்லம்மா பக்கத்தில்தான் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தார். மறுபடி பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தேர்வு வருவதற்குள் அந்த அமைப்பாளர் வேலைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். “இனிமே எழுதி இன்னா சார் பண்றது?” என்று அறிவியல் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த ஜூன் மாதம் எனக்கு மணலூர்பேட்டைப் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பும் நாளிலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன வருடம் அந்த வழியாகப் போனேன். தார்ச்சாலையில் மினிபஸ் போகிறது. ஜீப் இல்லை, பம்பர்மேல் ஏறி நிற்பதென்றால் என்னவென்று அங்கே உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. சத்துணவுக் கூடத்தில் புது ஆட்கள். செல்லம்மா மகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. யார் கேட்டாலும் அந்த மேட்டின்மேல்தான் பழியைப் போட்டு வந்திருந்தேன். சாலை போடும்போது அதையும் வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். இனி அந்தப் பழிக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்.