மூன்று வாரம் பொறுக்கச் சொன்னேன்

எங்கள் காலனிப் பூங்காவில் நிழலும் சரிவுப்பாதையும் வந்த கதையை யார் கேட்டாலும், எல்லாம் நான்தான் செய்தேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். சங்கச் செயலாளர் பாலுசாமி என்றால் ஆர்.எஸ்.புரம் வரைக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு வேறு. உண்மையில் செய்தவர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன்.

மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் அவர் சம்சாரம் மயிலாத்தாள் அக்கா. தினமும் சாயங்காலம் பூங்காவில் நாலு சுற்று நடந்து, பெண்களோடு வாயடித்து, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போவார். தொண்ணூற்றாறில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பூங்கா வாசலில் மூன்று படி. உள்ளே தூக்கிக்கொண்டு போனாலும் உட்கார நிழல் கிடையாது, மண்டையைப் பிளக்கிற வெயில்.

"ஏனுங்க செக்ரட்டரி, படியோரமா ஒரு சரிவு போட்டுட்டா இவ உள்ள போயி உக்காருவாளுங்க. ஊட்டுக்குள்ளயே கெடந்து பேச்சே கொறஞ்சுபோச்சுங்க" என்று அடுத்த சித்திரையில் அண்ணன் என்னிடம் வந்து நின்றார்.

சங்கம் சிமெண்டும் இரும்பும் கொடுத்தது. மற்றதெல்லாம் அவர் கைவேலை. முதலில் போட்ட சரிவு செங்குத்தாக இருக்கிறது என்று தானே உடைத்து, இன்னும் நீளமாக மறுபடி போட்டார். கைப்பிடிக் குழாயைப் பற்றவைத்தார். பெஞ்சுகளைச் சுற்றிக் கால் நட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்தார். ஆனிக் கடைசியில் எல்லாம் முடிந்தது.

அங்கேதான் நான் புகுந்தேன். திறப்பு விழா வேண்டுமாம் எனக்கு! கவுன்சிலர் ரிப்பன் வெட்டவேண்டும், கல்லில் என் பெயர் வரவேண்டும். ஆடியில் நல்ல காரியம் ஆகாது, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சரிவுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டேன். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தவறாமல் கவுன்சிலருக்கு யார் வீட்டுக் கல்யாணமாவது இருந்தது. கடைசி ஞாயிறுதான் அவருக்கு ஒழிந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு காலையில் அண்ணன் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா கனகாம்பரம் வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார்.

"ஒரு எட்டு உள்ள போயிட்டு உடனே வந்தர்றமுங்க" என்றார் அண்ணன்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏனுங்கண்ணா, உங்கள உட்டா அப்பறம் எல்லாரும் வந்து நிப்பாங்கல்லங்க? மூணு வாரம் பொறுக்கக்கூடாதுங்களா?"

அக்கா கோணிய வாயோடு சிரித்தார். "போச்சாது உடுங்க தம்பி. இங்கயே காத்து நல்லாத்தான வருது." நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

பத்தாம் நாள் அக்காவுக்கு மறுபடியும் வாதம் வந்தது. உயிர் தங்கியது, ஆனால் உட்காரவைத்தால் தலை நிற்கவில்லை. நாற்காலியை மடித்து வைத்துவிட்டார்கள்.

விழா நடந்தது. மாலை, மைக், லட்டு எல்லாம் இருந்தது. அண்ணனும் வந்து பின்வரிசையில் நின்று கை தட்டினார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூட்டம் கலைந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அன்னைக்கு நான் போனதுக்கப்பறம் கயித்த அவுத்துப்போட்டு உள்ள போயிருக்கலாமல்லங்கண்ணா? யாரு கேக்கப்போறாங்க?"

"நானும் அதத்தானுங்க சொன்னேன். அவதான் வேண்டாமுன்னுட்டா. தம்பி நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டுப் போயிருக்குது, அது பேச்சுக்கு மதிப்பில்லாமப் போயிருமுன்னாளுங்க."

அக்கா அதற்குப் பிறகு பதினாலு மாதம் கட்டிலில் கிடந்தார். என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. போய், தப்புத்தானுங்க அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.