கும்பத்தின் முன் உறங்கிய மூன்று கணினிகள்

விஜயதசமியன்று காலை மகளுக்கு ஏடு தொடக்கினோம். தட்டில் பரப்பிய அரிசியில் அவள் 'அ' எழுதி முடித்ததும், கும்பத்தின் முன்னிருந்த என் மடிக்கணினியை எடுத்தேன். நவமிப் பூசைக்கு வைத்ததைத் தசமிக்கு முன் தொடக் கூடாது. மூடியில் சந்தனம் காய்ந்திருந்தது.

அதற்குள் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் இருந்தன. ஒரே கணினிக்குள், தாங்களும் தனித்தனிக் கணினிகள் என்று நம்பி ஓடுபவை. மறுநாள் காலை பட்டப்படிப்பின் இறுதிச் செய்முறைப் பரீட்சை. மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதைப் பரீட்சகருக்குத் திரையில் காட்ட வேண்டும். மகள் பிறந்தபோது படிப்பை ஒரு வருடம் நிறுத்தியதால் ஏற்கனவே பிந்திப்போன பரீட்சை அது.

பிழை என்னுடையதுதான். அணைத்தால் திரும்ப எழும்புமோ என்ற பயத்தில், அவற்றை ஓடிய நிலையிலேயே உறங்க வைத்து மூடியிருந்தேன். மின்கலம் இறங்கிவிடும் என்று மின்னிணைப்பையும் விட்டு வைத்தேன். அந்த மின்சாரத்தில், விளக்கின் முன்னாலேயே, இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது. இப்போது மூன்றும் திறக்கவில்லை.

"இஞ்சேரும், ஏன் முகம் அப்பிடி?" என்றார் கணவர்.

"அப்டேற் நடந்திருக்கு. ஒண்டும் எழும்புதில்லை."

"அம்மன்ர கையிலதானே குடுத்தனீர். அவா பிழையாச் செய்ய மாட்டா."

"பகிடி விடாதேங்கோ. நாளைக்குச் சோதினை."

"அம்மா, அதுக்கு நித்திரையோ?" என்றாள் மகள்.

"ஓம், நித்திரை. நீங்கள் அப்பாவோட வாய்க்கால் பாத்திட்டு வாங்கோ."

வீடு அமைதியானது. பழைய இயங்குதளத்தில் தொடங்கிய உறக்கத்தைப் புதியதால் வாசிக்க முடியவில்லை. ஒரு வழிதான்: உறக்க நிலையைக் கைவிட்டு, வன்வட்டிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். கைவிடுவது உறக்கத்தையா, இயந்திரத்தையேவா? விளக்கக் குறிப்பை நான்கு தடவை வாசித்தேன். உறக்கத்தை மட்டும்தான். ஆனாலும் நம்பாமல், மூன்றின் வட்டுக் கோப்புகளையும் வெளி வட்டொன்றில் பிரதியெடுத்தேன். ஒரு மணித்தியாலம் போனது. உருத்திரபுரத்து வயல்களில் உழவு இயந்திரங்கள் எங்கோ தூரத்தில் முனகின. திரையில் பச்சைக் கோடு அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் கண்ணயர்ந்து இன்னொரு வீட்டில் விழிக்கப்போகும் பிள்ளைகள் போல அந்த மூன்றும் எனக்குத் தோன்றின. மகள் பிறந்த புதிதில், அவள் அயர்ந்து தூங்கும்போதெல்லாம் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதே விரலால்தான் இப்போது உறக்கத்தைக் கைவிடும் பொத்தானை அழுத்தினேன்.

முதலாவது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு எழும்பியது. தரவுத்தளம் இருந்த இரண்டாவது, தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு எழும்பியது. மூன்றாவதும் எழும்பியது, ஆனால் மற்ற இரண்டையும் அதற்குத் தெரியவில்லை. அவற்றை இணைத்த உள் வலையமைப்பைப் புதுப்பிப்பு அழித்திருந்தது. அவற்றின் முகவரிகள் என் குறிப்புக் கொப்பியில் இருந்தன. அதையும் பூசைக்கு வைத்திருந்தேன். சந்தனம் ஒட்டிய தாள்களை மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றாக இட்டேன். மூன்றும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லின.

போனது, பூசைக்கு முன் எழுதிச் சேமிக்காமல் விட்ட ஒரு பக்கம் மட்டுமே. அதைத் திரும்ப எழுதிச் சேமித்தேன்.

வாசல் படலையில் மகளின் குரல் கேட்டது. அவள் உள்ளே வருவதற்குள், முதல் தடவையாக, மூன்றையும் முறைப்படி நானே அணைத்தேன். திரை இருண்டது. பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டேன்.