வெள்ளைப்பூ வந்த அமாவாசை

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் முப்பது வருடம் தொண்டை கிழிய ஏலம் கூவியவர் ஆறுச்சாமி. பாக்கை மென்று பார்த்தே தரம் சொல்வார். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. முதலில் இட்லி இறங்கவில்லை. பிறகு கஞ்சியும் அடம்பிடித்தது. விசாரிக்க வந்த உறவுகளுக்கு மட்டும் எல்லாம் நன்றாகவே இறங்கியது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து போண்டாவைக் கடித்தபடியே, "ஒரு வாய்கூட இறங்கலீங்களா?" என்று கண்கலங்கினார்கள்.

கோவை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரத்யுஷா புது மருந்து ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. கூடவே புது மருந்து யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நடமாட்டத்தோடு இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஆறுச்சாமி அப்போதே பேனா கேட்டார். மனைவி புவனாவும் தலையாட்டினாள்.

தடுத்தது புவனாவின் அண்ணன் வேலன். அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் மோட்டார்கூட ஓடாது.

"ஏனுங்க டாக்டரம்மா, மனுசன் உசுரைக் குலுக்கல்ல போடறதா? இதென்னங்க லாட்டரிச் சீட்டா?"

"கையெழுத்துப் போடறது நானுங்க மச்சான்," என்றார் ஆறுச்சாமி, மிச்சமிருந்த குரலில்.

"சும்மா இருங்க மாப்ள. சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரோமுங்க."

சாமியிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் குலுக்கிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. குலுக்கலே ஆகாத வேலன் பயபக்தியோடு குலுக்கினார். சிவப்பு வந்தது. மறுபடி கேட்க அடுத்த அமாவாசை வரை பொறுக்க வேண்டும். எல்லோரும் பொறுத்தார்கள், புற்றுநோயைத் தவிர.

அமாவாசையன்று வெள்ளை வந்தது. தேர்தலில் ஜெயித்தவர் போல வேலன் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஆறுச்சாமியை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். பிரத்யுஷா பரிசோதித்துவிட்டு, "இனி ஆய்வுல சேர்க்க முடியாதுங்க," என்றார். இருபது நாளில் எல்லாம் முடிந்தது.

பதினாறாம் நாள் படையலையும் வேலன்தான் மேற்பார்வை பார்த்தார். இலை நிறைய முறுக்கும் வடையும். புவனா வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரு டம்ளர் இளநீரை வைத்தாள்.

"என்ன அம்மணி இது? படையல்ல குறை வெக்கலாமா?"

"அவருக்கு இறங்காதுங்கண்ணா. சந்தேகமா இருந்தா இதுக்கும் பூக் கேட்டுப்போட்டு வாங்க. அடுத்த அமாவாசை வரைக்கும் இலையை எடுக்காம உக்காந்திருக்கறேன்."