பாதியில் நிற்கும் பாட்டு

சௌந்திரத்தைப் பற்றி வெப்படைப் பக்கம் ஆளுக்கொரு பேச்சு பேசுகிறார்கள். புருஷனைத் தேடக் கிளம்பியவனைக் கையைப் பிடித்து நிறுத்தியவள் என்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, நரம்பில்லாத நாக்கு. எதை நம்பி நிறுத்தினாள் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் பொழுதில்லை.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நாலு விசைத்தறி. கூலிக்குத் துண்டு நெய்து கொடுக்கிறாள். காலையில் சுவிட்சைப் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. முன்னெல்லாம் உத்தரத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கட்டி, தறியை மீறிப் பாட்டு அலறும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தெரு முழுக்க அதே பாட்டைத்தான் கேட்டாக வேண்டும். இப்போது அந்த ஸ்பீக்கரில் குருவி கூடு கட்டியிருக்கிறது. சௌந்திரம் காதில் மாட்டிக்கொண்டு தறிக்குள் நிற்கிறாள், மகள் சரிதா காதில் மாட்டிக்கொண்டு நர்ஸிங் பாடம் படிக்கிறாள். சோறு வெந்துவிட்டது என்று சொல்ல முதுகில் தட்ட வேண்டியிருக்கிறது. என்ன வீடோ, என்ன பாட்டோ!

அவள் புருஷன் மாதேஸ்வரன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரன். தீபாவளி முடிந்ததும் ரிக் வண்டியோடு வடக்கே போனால், வைகாசி ஆனிக்குத்தான் வீடு. இந்த முறை சத்தீஸ்கர் பக்கம். அவன் கிளம்பும் முன் சரிதாதான் அப்பா போனிலும் அம்மா போனிலும் பாட்டு ஆப்பை ஏற்றி, ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கணக்கில் ஒரு நேரத்துக்கு ஒரு போனில்தான் பாடும். அங்கே அவன் பாட்டைப் போட்டால், இங்கே இவள் காதில் பாடிக்கொண்டிருப்பது பாதியில் நின்றுவிடும். வேறு போனில் பாடுகிறது என்று திரையில் ஒரு வரி வரும்.

முதல் வாரம் சௌந்திரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏனுங்க, என்ற பாட்ட எதுக்குங்க புடுங்கறீங்க? நாளெல்லாம் தறியில நிக்கறவ நானு."

"ஏப்புள்ள, நான் என்ன மெத்தையில படுத்துட்டா கேக்கறேன்? மொகமெல்லாம் சேறு. சித்த நேரம் கேட்டுப்போட்டுத் தாரேன், இரு."

சொன்னவன் கொடுக்கவில்லை. இவளும் விடவில்லை. அவன் பிடுங்கினால் இவள் திருப்பிப் பிடுங்குவாள். அவன் மறுபடியும் பிடுங்குவான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த இரண்டு பேரும் இப்படி விளையாடியதே இல்லை. சாயங்காலம் பாட்டு நின்றால், அவன் வேலை முடிந்து, துளைக்கிற ராடுகளை ஏற்றிய வண்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். நிற்காவிட்டால் இன்னும் தண்ணீர் கிடைக்கவில்லை, ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரியும். தனியாக இன்னொரு கணக்கு போட்டுத் தருகிறேன் என்றாள் சரிதா. "போ சாமி, இதே இருக்கட்டும்" என்று சிரித்து மழுப்பினாள் சௌந்திரம்.

அவனுக்குக் கோபம் வந்தாலும் பாட்டில்தான் காட்டுவான். கார்த்திகையில் ஒரு சின்னச் சண்டை. ஒரு வாரம் பேசவே இல்லை. ஆனால் சாயங்காலமானால் பாட்டை மட்டும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வான். எட்டாம் நாள் அவனே கூப்பிட்டு, "என்ன பண்ற?" என்றான். அவ்வளவுதான், சமாதானம்.

மார்கழியில் வந்தது பெரிய சண்டை. வண்டி மேனேஜரோடு தகராறு, இனி இந்த ஆளிடம் வேலை செய்யமாட்டேன், ஊருக்கு வாரேன் என்றான்.

"ஊட்டுக்கு வந்து என்னங்க பண்றது? சீசன் முடியட்டுமே. சித்த பொறுத்துப் போனா என்னங்க?"

"உனக்கும் நான் வாரது புடிக்கல, அப்படித்தான?"

"நான் அப்படியா சொன்னேன்?"

போனை வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். அதற்கடுத்த நாளும் அப்படியே. மேனேஜருக்குப் போட்டால், "சண்ட போட்டுப்போட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டாருங்க. வேற வண்டியில சேந்திருப்பாரு" என்றான். போர் வண்டியில் இது புதிதில்லை. ஒரு வண்டியில் முறைத்துக்கொண்டு இறங்குகிறவன் அடுத்த ஊரில் நம் பக்கத்துத் திருச்செங்கோட்டு வண்டி இன்னொன்றில் ஏறிக்கொள்வான். அங்கத்து சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வான். வீட்டுக்குச் சொல்ல ஒரு மாதம்கூட ஆகும்.

ஆனால் பாட்டும் நிற்கவில்லையே. சாயங்காலம் சாயங்காலமாகப் பாட்டு ஒழுங்காகப் பாடி முடிந்தது. பிடுங்க ஆளில்லை. மாதேஸ்வரனின் தம்பி கருப்பண்ணன் மினி லாரி ஓட்டுகிறவன், அண்ணன் என்றால் உயிர். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, நான் நேர்ல போயிப் பாத்துட்டு வாரேனுங்க. ஈரோட்ல சாயங்காலம் வண்டி இருக்குது."

"போயிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அவன் வழிக்குச் சோறு கட்டுவதற்கு முன் தறியை நிறுத்தக் கொட்டகைக்குள் போனாள். காதில் பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

போனை எடுத்துப் பார்த்தாள். வேறு போனில் பாடுகிறது என்ற அந்த வரி. உடனே திருப்பிப் பிடுங்கினாள். இரண்டு வரி பாடியது. மறுபடியும் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

தறியை ஓடவிட்டபடியே வெளியே ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக முகமே மாறியிருந்தது. "தம்பி, போகாதீங்க! இருக்காரு! இப்பத்தான் பாட்டப் புடுங்கினாரு, பாருங்க! வீம்பு புடிச்ச மனுசன், என்ற மேல கோவம், அதான் பேசமாட்டேங்கறாரு."

கருப்பண்ணன் பையைக் கீழே வைக்காமலே நின்றான். "இல்லீங்க அண்ணி, எதுக்கும் ஒரு எட்டு..."

"நீங்க போயி நின்னா, நான் ஆளனுப்பித் தேடறேன்னு இன்னும் வீம்பு பண்ணுவாரு. அவியள எனக்குத் தெரியாதா?" என்று அவன் கையைப் பிடித்துப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். வழிக்கென்று ஆக்கிய சோற்றை அவன் அங்கேயே தின்றுவிட்டுப் போனான்.

பிறகு தினமும் பாட்டு நின்றது. சில நாள் மதியமே நிற்கும், சில நாள் காலையிலேயே. சௌந்திரம் பிடுங்குவாள், அந்தப் பக்கமும் பிடுங்கும். அக்கம்பக்கம் விசாரித்தால், "ஆளு நல்லாத்தான் இருக்காருங்க, கோவத்துல இருக்காரு" என்று வெட்கத்தோடு சொன்னாள். பொங்கல் வந்தது, போன் வரவில்லை. அன்றைக்கு மட்டும் கொட்டகைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். கருப்பண்ணன் மறுபடியும் போகட்டுமா என்றான். வரும்போது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சரிதாதான் ஒரு நாள் அம்மா போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கேட்ட பாட்டெல்லாம் வரிசையாக அதில் வரும். "ஏம்மா, எல்லாம் இந்திப் பாட்டா இருக்குது? அப்பா இதையெல்லாம் கேக்கமாட்டாரே?"

"அந்த ஊர்லயே கெடக்கறாரு. கூட வேல செய்யறவங்க கேக்கறதத்தான கேப்பாரு" என்றாள் சௌந்திரம். சொல்லும்போதே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் ஒன்றை நம்பித்தான் தீருவது என்று மனசு முடிவு செய்துவிட்டால், அதற்கு முன் எந்த வக்கீலும் நிற்க முடியாது.

தை அமாவாசை வந்தது. மாதேஸ்வரன் சாமி கும்பிடுவதில் பெரிய ஆள் இல்லை. ஆனால் தை அமாவாசையன்று, செத்துப்போன அப்பனுக்குப் படைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டான். எந்தக் காட்டில் இருந்தாலும் ஒரு இலையைத் தேடிப் பிடித்து, காக்காய்க்குச் சோறு வைப்பான். அன்றைக்குப் பாட்டு என்ற பேச்சே கூடாது. வீட்டில் இருந்தால் டிவி ஒயரைக்கூடக் கழற்றிவிடுவான், அடுத்த வீட்டில் பாட்டு கேட்டால் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருவான். அவனுக்காக சௌந்திரமும் அன்றைக்குப் பாட்டு போடமாட்டாள். போனை எடுத்தது கேட்க அல்ல. அங்கேயும் அமைதியாக இருக்கும், இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளத்தான். ஆசை, வேறென்ன!

பாடிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு, வேறு போனில், ஏதோ ஒரு இந்திக் கல்யாண ஆட்டப் பாட்டு. முடிந்ததும் அடுத்த ஆட்டப் பாட்டு.

சௌந்திரம் பாட்டை நிறுத்தவில்லை. கருப்பண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி... இப்பவே கெளம்புங்க. அது அவிய இல்லீங்க."

கருப்பண்ணன் போனான். மேனேஜர் சொன்ன பஸ் நிறுத்தத்தில் விசாரித்தபோதே விஷயம் வந்துவிட்டது. மார்கழியில் ஒரு மதராசி ஆளை டிராக்டர் அடித்துப் போட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்றார் டீக்கடைக்காரர். விழுந்த இடத்திலேயே பையும் போனும் காணாமல் போயிருந்தன. போனுக்குப் பூட்டும் கிடையாது. கையெல்லாம் கிரீஸ், விரல் ரேகை ஏறாது என்று மாதேஸ்வரனே அதை எடுத்துவிட்டிருந்தான். எடுத்தவனுக்கு சிம்மை மாற்றினால் போதும், பாட்டு தயாராக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத ஆள் என்று ஒரு மூலைக் கட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள். தலையில் அடி. நினைவு வரும், போகும். நினைவு வந்தபோதெல்லாம் என்னமோ பேசினார், எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றாள் அந்த வார்டு நர்ஸ். கருப்பண்ணன் போய்ச் சேர்வதற்கு முந்தின வாரம்தான் உயிர் போயிருந்தது. பிணவறையில் இருந்தது.

அங்கேயே எரித்துவிட்டு, சாம்பலோடு வந்தான். பவானிக் கூடுதுறையில் கரைத்தார்கள். நர்ஸ் சொன்னதை அண்ணியிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். சௌந்திரம் விடவில்லை, கேட்டே தீர்த்தாள். கேட்டு முடித்ததும், "அப்ப நான் உங்க கையிலிருந்து பைய வாங்கி வெச்சேனே, அன்னைக்கு உசுரோட இருந்திருக்காரு" என்றாள்.

காரியம் முடிந்த மறுவாரம் தறிக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது, தறியில் ஏற்றிய பாவு நூல் காத்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் காதில் மாட்டினாள். சாயங்காலம் பாட்டு நின்றது.

சரிதா வெறியோடு வந்தாள். "குடும்மா இங்க. அந்தத் திருட்டு நாயி இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான். எல்லாப் போன்லருந்தும் கணக்க எடுத்துடறேன். ஒரு தட்டு தட்டினாப் போதும்."

"வேண்டாம் சாமி."

"ஏம்மா? உனக்கென்ன பைத்தியமா?"

"அவிய கீழ உழுந்தப்ப பக்கத்துல இருந்தவன் அவன் ஒருத்தந்தான். என்னமாச்சும் சொல்லியிருப்பாருல்ல? கேக்கணும். அவங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு பாரு."

சரிதா அம்மா கையிலிருந்து போனை வாங்கினாள். பிறகு அந்த ஆப்பில் புதிதாக ஒரு பாட்டுப் பட்டியல் ஆரம்பித்தாள். பாட்டு ஒன்றும் சேர்க்கவில்லை. பட்டியலுக்குப் பேர் வைக்கும் இடத்தில், போனிலேயே மொழிபெயர்த்து, இந்தியில் எழுதினாள். ஒரு பேருக்குள் அவ்வளவும் அடங்காததால், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பட்டியல் ஆயிற்று. இந்தப் போன் என் வீட்டுக்காரருடையது, அவர் செத்துப்போய்விட்டார். போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போலீசுக்குச் சொல்லமாட்டோம். விழுந்தபோது அவர் என்ன சொன்னார் என்று மட்டும் இதே மாதிரி எழுதுங்கள்.

அந்தக் கணக்கைத் திறக்கிறவன் கண்ணில் அது படாமல் போகாது. மறுநாள் சாயங்காலம் சௌந்திரம் தறிக்குள் நின்று, பாட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். தறி நாடா ஊடு நூலை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. பாட்டு நிற்கவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூன்றுக்குக் கீழே நாலாவது ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாளும் பாட்டு நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. படித்துவிட்டான், பயந்துவிட்டான், ஆப்பையே எடுத்துவிட்டிருப்பான் என்றாள் சரிதா. அது சௌந்திரத்துக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சாயங்காலமானால் போனைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒரு பாட்டு முழுசாகப் பாடி முடிகிறது, அடுத்தது ஆரம்பிக்கிறது.

"ஏனுங்க" என்றாள் ஒரு நாள், தறிகளுக்கு நடுவே, வாய் விட்டு. "புடுங்குங்க. ஒருக்காப் புடுங்கிக்கோங்க. நான் திருப்பிக் கேக்கமாட்டேனுங்க."

நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பாட்டு மட்டும் கடைசி வரி வரைக்கும் பாடியது.