பூச்சிகளுக்கு வழி சொன்னவர்

குன்றத்தூர்ப் பக்கம் என் கொய்யாத் தோப்பை ஒட்டிய தோப்புக்கு அவர்தான் காவல். வெளுத்த காக்கிச் சட்டை, காதில் செருகிய வேப்பங்குச்சி, உடம்பெல்லாம் பூண்டு வாசனை.

வேப்பங்கொட்டையும் பூண்டும் அரைத்த கரைசலைத் தெளிக்கும் முன், ஒவ்வொரு மரத்தடியிலும் மூன்று முறை கை தட்டுவார். "கெளம்புங்கப்பா, மருந்து அடிக்கப் போறேன். குஞ்சு குளுவானையும் இட்டுகினு போங்க."

ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டேன். "பழ ஈகிட்ட எதுக்குண்ணா பேசறீங்க?"

"இது சாவடிக்கிற மருந்து இல்ல சார், வாசனையில தொரத்துறது. எங்க போவணும்னு சொல்லாம தொரத்தினா, பாவம், எங்க போவும்?"

"எங்க போகச் சொல்றீங்க?"

கூச்சமே இல்லாமல் என் தோப்பைக் காட்டினார். "அங்க யாரும் எதுவும் அடிக்கிறதில்ல, தாராளமா எடம் கீதுன்னு சொல்லுவேன்."

அந்த வருடம் என் கொய்யாவை எங்கே வெட்டினாலும் புழு நெளிந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆத்திரத்தில் நானும் அதே கரைசலைக் கலக்கினேன். முதல் மரத்தடியில் நின்றதும் கை தானாகத் தட்டியது. "கெளம்புங்க" என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் மருந்து வாசனை வீசும் அவர் தோப்பு, மற்ற மூன்று பக்கமும் அடுக்குமாடி வீடுகள். எங்கே போகச் சொல்வதென்று தெரியாமல், தெளிப்பானை முதுகில் சுமந்தபடி வெகுநேரம் நின்றேன்.