கிடாய் மேல் ஊன்றிய முட்டி

கிடாயைச் சாய்க்கக் கை மட்டும் பத்தாது, முட்டி வேணும். இடது கையால் தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்ப வேண்டும். காலை வாரி ஒரே தள்ளில் தரையில் போட வேண்டும். போட்ட வேகத்திலேயே வலது முட்டியை அதன் தோள்பட்டையில் ஊன்ற வேண்டும். முட்டி இறங்கிவிட்டால் அது அடங்கிவிடும், மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸென்று வரும். அதற்கப்புறம் கத்திக்கு ஒரு இழுப்புதான் வேலை. இதைப் படித்து மூஞ்சியைச் சுளிக்காதீர்கள் பிள்ளைகளா. நீங்கள் ரெண்டு பேரும் போட்டுக்கொண்டு போகிற பள்ளிக்கூடச் சட்டை அந்த முட்டி சம்பாதித்தது.

காலையில் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, கணுக்காலில் துண்டைக் கட்டி, அதில் பழைய ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, காலைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். "அப்பா காலுக்கே எடை போடுறாரு" என்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அந்தக் கல் என் காலுக்கு எப்படி வந்தது என்று எழுதி வைத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்து நிறுத்திவிடுவேன்.

நாகல் நகரில் நம்ம கறிக்கடைக்குப் பின்னால் இருக்கிறதே தகரக் கொட்டகை, அங்கேதான் ஆரம்பித்தது. உங்கள் சித்தப்பா கிடாயைப் பிடித்துக்கொண்டு வருவான். சாய்க்கிறதும் அறுக்கிறதும் நான். எங்கள் தொழிலில் யார் முட்டி கிடாய் மேல் இருக்கிறதோ அவன்தான் கடைக்காரன். மற்றவனெல்லாம் கூட நிற்கிறவன். ஒரு சனிக்கிழமை, ஊன்றின முட்டிக்குள் யாரோ கம்பியைச் சொருகித் திருகினது மாதிரி இருந்தது. கத்திவிட்டேன். அடியில் கிடந்த கிடாயும் கத்தியது.

"என்னண்ணே, ரெண்டு பேரும் சேந்து கத்துறீங்க? யாரை முதல்ல அறுக்க?" என்றான் சித்தப்பா.

அன்றைக்குச் சிரித்தேன். அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பது செருப்படி வாங்குகிற மாதிரி. மாடிப்படி ஏறும்போது உள்ளே எலும்பும் எலும்பும் கடித்துக்கொள்ளும், நொறுக் நொறுக்கென்று காதுக்கே கேட்கும். வலி வலி என்கிறோமே, அது அழுகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது அடிக்கிற சமாச்சாரம். எனக்குள்ளே ஒருத்தன் உட்கார்ந்து நாளெல்லாம் என்னை அடிப்பான், நான் வெளியில் யாரையாவது அடிக்கத் தேடுவேன். கடையில் கறியை வெட்டாமல் கட்டையையே கொத்தினேன். எலும்பு கூடிப்போச்சு என்று சொன்ன ஒருத்தரிடம் "வேணுமின்னா வாங்கு, இல்லேன்னா கத்திரிக்காயத் தின்னு" என்று சீறினேன். வீட்டுச் சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறதே, அது நான் வீசின எவர்சில்வர் டம்ளர் போய் விழுந்த இடம். நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டீர்கள். உங்கள் அம்மா ஓடவில்லை.

"இந்த வீட்டுல கொம்பு வச்சது நீங்க ஒருத்தருதான். அதக் கடையிலயே கழட்டி வச்சுட்டு வாங்க" என்றாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் முட்டி வலுக்கும் என்றார்கள். கால் நம்ம கடையிலேயே கிடக்கிறது, கேட்கவா வேணும்? சூப்பைக் குடித்துக் குடித்து வயிறு பெருத்தது. அம்புட்டு எடையும் அதே முட்டியில்தான் போய் இறங்கியது. அப்புறம் சித்தையன்கோட்டைப் பக்கம் எண்ணெய் போட்டு நீவுகிறவர் ஒருத்தரிடம் போனேன். அவர் ஆட்கள் ரெண்டு பேர் என்னைப் பாயில் படுக்கப் போட்டார்கள். ஒருத்தன் என் தோளில் முட்டியை ஊன்றினான். இன்னொருத்தன் காலைப் பிடித்தான். அவர் கட்டைவிரலை முட்டிச் சில்லுக்கு அடியில் விட்டு நெம்பினார். பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தோளில் அடுத்தவன் முட்டியோடு கீழே கிடப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மேலே இருக்கிறவன் மூஞ்சி தெரியாது. கூரை மட்டும்தான் தெரியும். எழுந்தபோது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முட்டி தேய்ந்திருக்கிறதாம், தொடைச்சதை வலு இழந்திருக்கிறதாம். "வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு மட்டும், சாப்பிட்டுட்டுத்தான் போடணும். வலி கூடுனா ஓய்வு. குறைஞ்சா பயிற்சி. மூணும் சேந்தாத்தான் வேலை செய்யும். முட்டி போடுறது, குத்தவச்சு உக்கார்றது ரெண்டும் வேண்டாம். எடையும் குறையணும்" என்றார். பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பிள்ளை, நம்ம வீட்டுப் பெரியதை விடக் கொஞ்சம்தான் மூத்தது, துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்து "அமுக்குங்கண்ணே" என்றது.

"இந்தத் துண்டையா? நான் தினமும் எத்தனை முட்டிய வெட்டுறேன் தெரியுமாம்மா? அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"நீங்க வெட்டுற முட்டி மறுநாள் படியேற வேண்டியதில்லண்ணே. உங்களுது ஏறணும். அமுக்குங்க."

மூன்று சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், மாத்திரையை. ஓய்வு என்றால் சித்தப்பா கிடாய் மேல் முட்டி வைப்பான். ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் எடுக்கச் சொல்ல முடியுமா? அவனும் கேட்டுப் பார்த்தான். "சாய்க்கிறத நான் பாத்துக்கிறேண்ணே, நீ முன்னாடி கட்டையில நின்னு வெட்டு." நல்ல மனசோடுதான் கேட்டான். எனக்கு அது கடையை விட்டு வெளியே போ என்று சொன்ன மாதிரி கேட்டது. "உன் வேலையப் பாருலே" என்றேன்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. நம்ம ஆட்கள் பாதிப் பேர் கறி வாங்க மாட்டார்கள், வியாபாரம் மந்தம். ஓய்வெடுக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது. உங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நான் என்ன செய்தேன்? முட்டியைச் சரியாக்கிக் கொடு என்று நேர்ந்துகொண்டு, தவக்காலம் முழுக்க ஒருசந்தி பிடித்தேன். ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை, மத்தியானம் வெறும் வயிற்றில் இன்னொன்று. மாத்திரை என்ன சாப்பாடா, அதனால் ஒருசந்தி முறியாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்தில் பதினாலு நிலையிலும் கோயில் கல்தரையில் முட்டி போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன். வயிற்றுக்குள் அடுப்பு எரிந்தது. அதையும் சேர்த்து ஒப்புக்கொடுத்தேன்.

ஈஸ்டர் காலைதான் என் கணக்கு. வருசத்தில் அம்புட்டுக் கூட்டம் அன்றைக்குத்தான். முதல் கிடாய் என் முட்டிக்கு அடியில் அடங்க வேண்டும், அடங்கிவிட்டால் நான்தான் கடைக்காரன். நெய்க்காரப்பட்டியில் ஒரு விவசாயியிடம் செம்மறிக் கிடாய் பிடித்தேன். கொம்பு ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஏனுங்க, இது கொஞ்சம் முன்கோபிங்க. ஆளக் கண்டா முட்டுமுங்க. தனியாப் போயிராதீங்க" என்றார் அவர்.

"நானும் முன்கோபிதான்" என்றேன்.

ஈஸ்டர் அன்றைக்கு விடியும்போதே கடைக்குப் போனேன். ஒன்றுக்கு ரெண்டாக மாத்திரையை விழுங்கியிருந்தேன், வலியே இல்லை. முட்டி இருக்கிற இடமே தெரியவில்லை. நேர்ச்சை பலித்துவிட்டது என்று எனக்குள் ஒரே ஆட்டம். சித்தப்பா வருகிறவரைக்கும் பொறுக்கவில்லை. வந்தால் கை கொடுப்பான், கை கொடுத்தால் அவன் சாய்த்ததாகிவிடும். நானே கிடாயை அவிழ்த்துத் தாடையைத் திருப்பினேன், காலை வாரினேன். தொப்பென்று விழுந்தது. முட்டியை ஊன்றிக் கத்தியை எடுத்தேன்.

மாத்திரை வலியைத்தான் அடக்கியிருந்தது. முட்டிக்கு வலு தரவில்லை. கிடாய் ஒரு தடவை உடம்பை முறுக்கியதும் என் கால் வாழைத்தண்டு மாதிரி மடிந்து பக்கவாட்டில் சறுக்கியது. கத்தி சாக்கடை ஓரம் தெறித்து விழுந்தது. கிடாய் எழுந்தது. ஓடவில்லை. ரெண்டு எட்டுப் பின்னால் போய் என்னைப் பார்த்தது. நான் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினேன். அது வந்தது.

முதல் முட்டு வலது முட்டியின் பக்கவாட்டில் விழுந்தது. உள்ளே ஏதோ பிய்ந்த சத்தம் கேட்டது. கடையில் ஆட்டுத் தொடை மூட்டைப் பிரிக்கும்போது வருமே, அதே சத்தம். மாத்திரை அடக்கி வைத்திருந்த அத்தனை நாள் வலியும் ஒரே அடியாகக் கிளம்பி மண்டைக்கு ஏறியது. ரெண்டாவது முட்டு விலாவில். மூன்றாவதுக்கு அது பின்னால் போகும்போது தகரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொம்பைப் பிடித்தேன். கை வழுக்கியது. நெஞ்சில் இடித்தது. தகரம் இடி இடித்த மாதிரி அதிர்ந்தது. அந்த மிருகத்தின் கண்ணில் கோபம்கூட இல்லை. அது தன் வேலையைச் செய்தது, நான் இத்தனை வருசம் செய்த மாதிரி.

கதவு உடைகிற மாதிரி திறந்தது. சித்தப்பா பாய்ந்து கொம்பைப் பிடித்துத் திருகினான். ரெண்டு பேரும் சுவரில் போய் மோதினார்கள். அவன் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. விடவில்லை. காலை வாரிப் போட்டான், முட்டியைத் தோளில் ஊன்றினான். கிடாய் அடங்கியது.

"கத்தி எங்கடா?" என்று கத்தினான்.

பிறந்ததிலிருந்து என்னை அவன் 'டா' போட்டதில்லை. கத்தி எனக்குத்தான் எட்டும் தூரத்தில் கிடந்தது. நகர்ந்து போய் எடுத்தேன். பிடியை அவன் பக்கம் திருப்பித் தரையோடு தள்ளினேன். சிமெண்டில் கத்தி சரசரவென்று போன சத்தம் இன்னும் கேட்கிறது. அவன் ஒரே இழுப்பில் முடித்தான். ரத்தம் சூடாக ஓடி வந்து என் காலை நனைத்தது. அப்போது எனக்குக் குமட்டியது. வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக வந்தது. "அண்ணே!" என்றான் சித்தப்பா. அதற்கப்புறம் ஆட்டோவின் கூரைதான் ஞாபகம்.

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய விட்டிருக்கிறது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முட்டியப் பத்திக் கவலப்படவே வேண்டியிருந்திருக்காது" என்றார் டாக்டர். உங்கள் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கடவுள் இவருகிட்ட வயித்தக் கேட்டாரா? முட்டியக் கேட்டாரா? இவரா எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டு வந்து படுத்துக்கிட்டாரு" என்று நர்சம்மாவிடம் முறையிட்டாள். திட்டுகிறாளா அழுகிறாளா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் மூன்றையும் செய்தேன். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, கறி வைக்கிற ஃபிரீஸர் ஐஸைத் துண்டில் சுற்றிப் போட்டுப் படுத்தேன். பழைய வலி மாத்திரையை டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். வயிற்றைக் கடிக்காத சாதாரண மாத்திரை வேறு தந்தார், தேய்க்கக் களிம்பு தந்தார். அதையும் சாப்பிட்ட பிறகு, அவர் சொன்ன அளவுதான். வீக்கம் வடிந்ததும் அந்தப் பிள்ளை சொன்ன துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கினேன். ஒரு துண்டை அமுக்க முடியாமல் வியர்த்துக் கொட்டியது. இந்தக் காலையா கிடாய் மேல் வைத்தேன்! கொஞ்சம் வலு வந்தபிறகு, கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்து சும்மா கிடந்த எடைக்கல்லைக் கொண்டுவந்து தொங்கவிட்டது சித்தப்பாதான். "கறிக்கு எடை போட்டது போதும்ணே, இனி உனக்குப் போடு" என்றான்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. குளிர் நாளில் இப்போதும் அடிக்கிறது. ஆனால் முன்னே அது அடித்தால் நான் திருப்பி யாரையாவது அடிப்பேன். இப்போது அது அடித்தால் செத்த நேரம் உட்காருகிறேன். கொஞ்சம் விட்டதும் காலைத் தூக்கி இறக்குகிறேன். சுவரில் ரெண்டாவது குழி விழவில்லை. கடையில் கட்டைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறேன். "என்ன பாய்லர் கோழி மாதிரி உக்காந்துட்டீங்க?" என்று கேலி பண்ணுகிறார்கள். "பாய்லர் கோழிக்குத்தான் இப்ப கிராக்கி அதிகம்" என்று சொல்லிவிட்டு வெட்டுகிறேன்.

இந்த வருசம் ஈஸ்டர் காலையில் கொட்டகைக்குள் போனேன். சித்தப்பா கிடாயைச் சாய்த்து முட்டியை ஊன்றியிருந்தான். நெற்றித் தழும்பு வியர்வையில் மினுங்கியது. கத்தியின் பிடியை என் பக்கம் நீட்டினான்.

"முதக் கிடாய் உன்னோடதுண்ணே. நான் பிடிச்சுக்கிறேன், குனிஞ்சு ஒரு இழுப்பு இழு."

குனிந்தால் ஒரு இழுப்பில் வேலை முடிந்துவிடும். ஆனால் தரையில் முட்டி வைக்காமல் அம்புட்டுக் குனிய முடியாது, வைத்தால் எழுந்திருக்கிற வரைக்கும் அந்த முட்டி என் சொல் கேட்காது. கிடாய் மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏண்ணே, நீ இம்புட்டு யோசிச்சா கிடாய்க்கு வயசாயிரும்."

"நீயே அறுலே" என்றேன். "முன்னாடி கூட்டம் நிக்குது. நான் போய்க் கட்டையக் கழுவுறேன்."

கதவைத் தாண்டும்போது பின்னால் ஒரே இழுப்புச் சத்தம் கேட்டது. நல்ல இழுப்பு. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காலை நீட்டி உட்கார்ந்தேன். "யாருக்கு எம்புட்டுப்பா?" என்று கேட்டேன்.