ரேடியேட்டர் ஃபேன் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மின்சாரக் காரின் ஃபேனைக் கெடுத்தவன் நான்தான். மாற்றியவனும் நான்தான். கெடுத்த கதையைக் கேட்டால் காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற யாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கார் என் காசில் வாங்கியது இல்லை. தன் அம்மாவுக்கு முட்டி வலி, ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை என்று மகள் அமெரிக்காவில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் போனில் முடித்து, வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். நானும் என் மனைவியும் அதில் சேர்ந்து போனது மொத்தம் நாலு மாதம்தான். பிறகு மகளுக்குப் பிரசவம். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவி விமானம் ஏறினாள். ஆறு மாதம் முடிந்தபோது குழந்தைக்குப் பல் முளைக்கிறது, மகள் வேலைக்குத் திரும்புகிறாள், இன்னும் ஒரு ஆறு மாதம் என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பேத்தியை விட்டுவிட்டு வந்து எனக்கு ரசம் வை என்றா?

எனக்கு ஜக்கார்டு பெட்டி ரிப்பேர் வேலை. சேலையில் யானையையும் மயிலையும் விழவைக்கிற பெட்டி அது, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். முரண்டு பிடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஐயம்பேட்டை வரைக்கும் போவேன். பகலெல்லாம் பத்துப் பேரோடு கத்திப் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டம்ளர் மேல் என்ன கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தினமும் காலையில் மனைவி வீடியோ காலில் வருவாள். அங்கே ராத்திரி, குழந்தை தூங்கியிருக்கும். முதல் மாதம் அரை மணி நேரம் பேசினோம். அது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நாலு நிமிடத்தில் வந்து நின்றது. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மோட்டாரை நிறுத்தினீங்களா. மூன்றுக்கும் ஆமாம் என்பேன். அப்புறம் “சரி, வெச்சிடட்டுமா?” என்பாள். வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைக்காமல் என்ன பேசுவதாம்? முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது மட்டும் நாங்கள் பேசிக்கொண்டேவா இருந்தோம்? அவள் ஒரு பக்கம் தறியில் இருப்பாள், நான் ஒரு பக்கம் பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பேன், நடுவில் எப்போதாவது ஒரு வார்த்தை விழும். அந்த மாதிரி இருப்பதற்கு போனில் வழியில்லை.

இனி ஃபேன். நிற்கிற காருக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிக்கும் என்று டீக்கடையில் ஒருவர் பயம் காட்டினார். புகையிலை வைத்தால் எலி அண்டாதாம். நான் சும்மா புகையிலை வைத்திருக்கலாம். புத்திசாலி இல்லையா, தறியில் மிஞ்சிய பட்டு நூலை அள்ளி, புகையிலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருட்டி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேனுக்கு மேலே இருந்த பள்ளத்தில் செருகிவிட்டேன். எங்கள் வீடுகளில் எண்ணெய் துடைக்க, கதவு ஆடாமல் அடைக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கழிவு நூல்தான். கை தானாக அதில்தான் போகும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

வெள்ளிக்கிழமைதோறும் பேட்டரி வீணாகக் கூடாது என்று ஓரிக்கை வரைக்கும் தனியாக ஓட்டிப்போய்த் திரும்புவேன். அப்படி ஒரு நாள் பந்து குலுங்கிக் கீழே விழுந்து, ஃபேன் அதை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. பட்டு நூல் லேசில் அறுமா? வீட்டில் சார்ஜ் போட்டதும் கர்ரென்று ஒரு உறுமல், பிறகு தீய்ந்த வாசனை, பிறகு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வண்டி நின்றால் ஏசி அனல் கக்கியது, திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது.

சர்வீஸ் சென்டரில் பார்த்தார்கள். நூலை அவர்கள் கவனிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஃபேன் ஸ்டாக் இல்லை, பத்து நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார் கவுன்டரில் இருந்த ஆள். நானே மாற்ற முடியாதா என்று கேட்டேன். “அங்கிள், இது எலக்ட்ரிக் கார். நீங்கல்லாம் கை வெக்கக் கூடாது” என்றார். எனக்கு வந்ததே கோபம். ஜக்கார்டு பெட்டியில் ஆயிரம் கொக்கிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன் நான். நாலு போல்ட்டுக்கு நான் அங்கிளா?

சென்னையில் ஒரு உதிரிபாகக் கடையில் சொல்லிவைத்து அதே மாடல் ஃபேனை வரவழைத்தேன். வீடியோக்களை ஒரு வாரம் பார்த்தேன். இந்தி புரியாவிட்டாலும் கை போகிற இடம் புரியும். ஆரஞ்சு நிற ஒயரில் ஆளைக் கொல்கிற மின்சாரம் ஓடும், அதன் கிட்டேயே போகக் கூடாது. ஃபேன் ஓடுவது சின்ன பேட்டரியில், அதன் மைனஸ் முனையைக் கழற்றினால் போதும். எல்லா வீடியோவிலும் ஃபேனைத் தூக்கும்போது ஒருவர் மேலே இருந்தார், இன்னொருவர் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இன்னொருவருக்கு எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பேட்டரி முனையைக் கழற்றி வைத்துவிட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, மேல் மூடியையும் எடுத்துவிட்டேன். இரண்டு கையிலும் கிரீஸ். போன் அடித்தது. புறங்கையால் தேய்த்து எடுத்தேன்.

“இன்னாங்க, மூஞ்செல்லாம் கரி? இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

“கார் ஃபேன் மாத்திக்கினு இருக்கேன்.”

“நீங்களா? ஐயய்யோ, ஷாக் கீக் அடிச்சிடப் போவுது! ஒண்டியா வேற இருக்கீங்க. வையுங்க அப்படியே!”

“அதெல்லாம் கழட்டிட்டுதான் இறங்கியிருக்கேன். பயந்துக்காத.”

“நான் பாக்கறேன். போனை எங்கனா நிக்க வையுங்க.”

எண்ணெய் டப்பாவில் சாய்த்து, உள்ளே அடிவரைக்கும் தெரிகிற மாதிரி பம்பர் ஓரமாக நிறுத்தினேன். சாப்பாடு, மாத்திரை, மோட்டார் எதுவும் அவள் கேட்கவில்லை. நான் பழைய ஃபேனின் பிளக்கைப் பிடுங்கி, போல்ட்டுகளைக் கழற்றி, குழாயில் இடிக்காமல் மெதுவாக மேலே இழுத்தேன். வந்தது. நடுத்தண்டில் அரக்கும் பச்சையுமாக, தீய்ந்துபோய், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு நூல்.

“இருங்க, இருங்க. அது இன்னா நூலு?”

மறைக்க முடியவில்லை. எலி, புகையிலை, பந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்தாள் பாருங்கள், குழந்தை எழுந்துவிடுமே என்று வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “காருக்கே பட்டு கட்டி வுட்டீங்களா? எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கத் துப்பில்ல!” அவள் சிரித்து நான் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

புதிய ஃபேனை இறக்குவதுதான் பாடாய்ப் படுத்தியது. அடியில் இரண்டு காடி இருக்கிறது, அதில் ஃபேனின் கால்கள் போய் உட்கார வேண்டும். மேலே இருந்து எனக்கு அது தெரியவே இல்லை. மூன்று முறை தவறியது. நான் யாரையோ திட்ட ஆரம்பித்தேன்.

“கத்தாதீங்க. எனக்கு இங்கேருந்து நல்லா தெரியுது. உங்க சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க. இன்னும். போதும். இப்ப கீழ வுடுங்க.”

டக்கென்று உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசவில்லை. நான் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் எங்கேயோ கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை, “பக்கத்து வூட்ல தறி மாத்திட்டாங்களா? சத்தம் வேற மாதிரி கேக்குது” என்றாள். நிஜம்தான். தினமும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் படுக்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. இன்னொருமுறை, “தலைல முடி ஏன் இவ்ளோ வளந்துக்கெடக்குது?” என்றாள். வெட்டுகிறேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குள் அவள் ஏதோ வேலையாக இருப்பது போலவே இருந்தது.

பேட்டரியை மாட்டி, வண்டியை ஆன் செய்து, ஏசியைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. உறுமல் இல்லை, நாற்றம் இல்லை. அங்கிள் ஜெயித்துவிட்டான்.

“ஓடுதா?”

“ஓடுது.”

“அப்பாடா. மணி இங்க பதினொண்ணரை.” கொட்டாவி விட்டாள். துணியெல்லாம் எப்போதோ மடித்து முடிந்திருந்தது. “சரி, அப்ப வெச்சிடட்டுமா?”

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தாள். இனி நாளைக் காலை, நாலு நிமிடம்.

“இரு, இரு. மேல்மூடி மாட்டணும். நாலு போல்ட் இருக்குது” என்றேன்.

“சீக்கிரம் மாட்டுங்க.”

வண்டியை அணைத்துவிட்டு மூடியை வைத்தேன். ஒரு போல்ட்டை மாட்டினேன். துணியால் துடைத்தேன். இரண்டாவதை, மூன்றாவதை மாட்டினேன். இரண்டு நிமிட வேலை அது. நான் பத்து நிமிடம் ஆக்கினேன். நான்காவதை முறுக்கி முடித்ததும், போன் பக்கம் திரும்பாமலேயே அதைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். மறுபடி கழற்றினேன். அறுபது வயதில் இது என்ன கேவலம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

“ஏங்க.”

“ம்.”

“அந்த போல்ட்ட மூணு வாட்டி கழட்டி மாட்டிட்டீங்க.”

காது சுட்டது. “சரியா உக்காரல” என்றேன்.

போனில் ஏதோ சரசரத்தது. வைத்துவிட்டாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். வைக்கவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“கழட்டுங்க,” என்றாள். “இன்னொரு வாட்டி மாட்டுங்க. எனக்கு ஒண்ணியும் தூக்கம் வரல.”

கழற்றினேன்.